சாவி: பார்க்க பூட்டு

எங்கள் துறையில் பாடம் நடத்துவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. இப்படிச் சொன்னால் துறைத் தலைவருக்குக் கோபம் வரும். நிறுத்தவில்லை, தாண்டிவிட்டோம் என்பது அவர் கட்சி.

"பாடம் நடத்துறதெல்லாம் பழைய முறை" என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் கூட்டத்தில் பேசுவார். "ஒருத்தர் நின்னு பேசுவாரு, அறுபது பேர் உக்காந்து தூங்குவாங்க. இங்க அது கிடையாது. நடத்தாத பாடத்தைப் பத்திக்கூட எங்க மாணவர்கள் ஆழமா யோசிக்கிறாங்க. இந்த உலகத்துல எத்தனை துறை இப்படி நெஞ்சை நிமித்திச் சொல்ல முடியும்?"

கைதட்டல் கேட்கும். தட்டுவது நானும் இரண்டு அலுவலகப் பணியாளர்களும். தட்டச் சொல்லி எங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருக்கும், அதைத் தட்டச்சு செய்ததும் நானாகவே இருப்பேன்.

நான் நூலகத் தகவலியல் துறையின் தட்டச்சர். இருபத்தெட்டு வருட சர்வீஸ், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். தட்டச்சுப் பொறி போய்க் கம்ப்யூட்டர் வந்த பிறகும் என் பதவிப் பெயர் மாறவில்லை. மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனு துறைக்குள்ளேயே தொலைந்துபோனது. தகவலைத் தேடி எடுக்கக் கற்றுத் தரும் இடத்தில் தொலைந்த காகிதத்தைத் தேடச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று நானும் விட்டுவிட்டேன்.

பாடத்துக்குப் பதிலாக எங்களிடம் இருப்பது மீள்நோக்கு. மூன்று வருடப் படிப்பில் முப்பத்தாறு தாள். ஒவ்வொரு தாளுக்கும் மாணவர் இரண்டு பக்கம் எழுத வேண்டும்: இந்தத் தாள் என்னை எப்படி மாற்றியது? கடைசிப் பருவத்தில் முப்பத்தாறையும் சேர்த்துக் கட்டித் தந்தால்தான் பட்டம். தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் மாறாதவருக்குப் பட்டம் கிடையாது.

இதற்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். நாங்கள் மேடம் என்போம். மேடம் ஒரு மதிப்பீட்டுத் தாள் வைத்திருக்கிறார். அதில் மூன்று கட்டம்: தடுமாற்றம், திருப்பம், மலர்ச்சி. தடுமாற்றத்துக்கு மூன்று மதிப்பெண், திருப்பத்துக்கு மூன்று, மலர்ச்சிக்கு நான்கு. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கட்டுரை வருகிறது, மனுஷி எப்படிப் படிப்பார்? அந்தந்தச் சொல் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்துக் கட்டத்தில் டிக் போடுவார். மாணவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் தரவுத்தளத் தாளைப் பற்றி எழுதும்போது, அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்ததைக் கண்டு மூன்று நாள் சாப்பிடாமல் தடுமாறியதாகவும், நான்காம் நாள் வாழ்க்கை திரும்பியதாகவும், அன்று மாலையே மலர்ந்ததாகவும் எழுதினான். பத்துக்குப் பத்து. பையன் மூன்று வேளையும் கேன்டீனில்தான் இருந்தான், நானே பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் நாங்கள் மாணவர்களை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். முப்பத்தேழு என்று ஒரு பெண். அவள் முதல் வருடம் எழுதிக் கொடுத்த ஆறாம் தாள் மீள்நோக்கு இரண்டே வரி. "இந்தத் தாளுக்கு ஆசிரியர் வரவில்லை. புத்தகத்தைப் படித்துத் தேறினேன்."

மேடம் அதில் சிவப்பு மையால் 'தடுமாற்றம் எங்கே?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜை முன் வந்து நின்றாள்.

"அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"தடுமாறின மாதிரி ஏதாவது எழுதிக் குடும்மா."

"நான் தடுமாறலையே அண்ணா."

"அதை வெச்சு நாங்க என்னம்மா பண்றது?"

தாளை மறுபடி படித்தாள். பிறகு, "மேடம் என்ன எழுதியிருக்காங்கன்னு புரியாம தடுமாறுறேன், அதை எழுதலாமா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். எழுதலாம் என்றேன். எழுதினாள். ஐந்து மதிப்பெண்ணோடு தப்பித்தாள்.

இரண்டாம் வருடம் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஏதோ கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை, ஆனால் சொற்கள் இடம் மாறிவிட்டன. மூக்குக்கண்ணாடி வேண்டுமென்றால் குடை என்பார். தண்ணீருக்கு மாடி. அம்மா எப்போதோ போய்விட்டதால் வீட்டில் இருப்பது இவள் ஒருத்திதான். கண்ணாடி கேட்ட மனிதரிடம் குடையைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் அதைப் பிடுங்கித் தரையில் அடித்துவிட்டு அழுவாராம்.

அந்தப் பருவத்தில் எங்கள் துறையில் ஓர் அதிசயம் நடந்தது. பதினான்காம் தாளான பட்டியலாக்கத்துக்கு வகுப்பு நடந்தது. வகைப்பாட்டுப் பேராசிரியர் வீட்டில் அப்போது பெயின்ட் வேலை. வீட்டில் இருக்க முடியாமல் பருவம் முழுக்க வகுப்பறையில் வந்து உட்கார்ந்திருந்தார். வாய் சும்மா இருக்காதே, நடத்திவிட்டார். நூலகத்துக்கு வருகிற ஆள் எந்தச் சொல்லோடு வருவார் என்று நமக்குத் தெரியாது. சர்க்கரை வியாதி என்று தேடிக்கொண்டு வருவார், நாம் அதை நீரிழிவு என்ற தலைப்பில் வைத்திருப்போம். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது. 'சர்க்கரை வியாதி: பார்க்க நீரிழிவு' என்று ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

முப்பத்தேழு அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பழைய கார்டு டிராயரெல்லாம் பின்னாடி போட்டு வெச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணு கிடைக்குமா?"

கம்ப்யூட்டர் வந்த பிறகு மர டிராயர்களைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அடுக்கியிருந்தோம், பாதி மழையில் ஊறிப்போயிருந்தது. நல்லதாக ஒன்றைத் துடைத்து, பின்பக்கம் எழுதாத கார்டுகளையும் ஒரு கட்டு சேர்த்துக் கொடுத்தேன். என் இருபத்தெட்டு வருட சர்வீஸில் நான் சுயமாகச் செய்த ஒரே காரியம் அது. டிராயரின் பின்பக்கத்தில் துறையின் முத்திரை இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

அப்பா சொல்லும் சொல்லுக்கு ஒரு கார்டு. எதைச் சொன்னால் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடிக்கச் சிலவற்றுக்கு ஒரு நிமிடம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வாரம். ஒருமுறை பிடிபட்டால் மாறாதாம், குடை என்றால் எப்போதும் கண்ணாடிதான். 'குடை: பார்க்க மூக்குக்கண்ணாடி', 'மாடி: பார்க்க தண்ணீர்', 'திங்கட்கிழமை: பார்க்க கால் வலி'. ஒன்றரை வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கார்டு சேர்ந்தது.

அந்தப் பருவத்தின் மீள்நோக்கில் அவள் இதை இருந்தது இருந்தபடி எழுதினாள். தடுமாற்றம், திருப்பம், மலர்ச்சி என்ற சொற்கள் எங்கேயும் இல்லை. மேடம் விரலை ஓட்டினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் படித்துவிட்டார். படித்ததைத் தலைவரிடம் கொண்டுபோனார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இதை நல்லா தட்டச்சு பண்ணுங்க. மாதிரிக் கட்டுரையா எல்லாருக்கும் போகட்டும். ஆனா பேரு, எண்ணு ஒண்ணும் இருக்கக் கூடாது. தனியுரிமை ரொம்ப முக்கியம்."

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா சார்?"

"கேட்டா அவங்க யாருன்னு நமக்குத் தெரிஞ்சுபோயிடுமே. தனியுரிமைன்னா என்னன்னு நினைக்கிறீங்க?"

தட்டச்சு செய்தேன். மூலத் தாளில் அவள் பெயர் இருந்த மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டவனும் நான்தான்.

அடுத்த பருவத்தில் நாற்பத்தொரு மாணவர்களின் வீட்டில் பக்கவாதம் வந்தது. ஒருவனுக்கு மாமா, ஒருத்திக்குப் பெரியம்மா, இரட்டையர் இருவருக்கு ஆளுக்கொரு அப்பா. ஒருவன் தன் நாய் பேச்சை இழந்துவிட்டதாக எழுதியிருந்தான். அவனுக்கும் பத்துக்கு எட்டு. துறையை மதிப்பிட வந்த குழு இவற்றைப் பார்த்து வாயடைத்துப்போய், மாணவர் குடும்பங்களில் நோய் நிலவரம் மிகவும் ஊக்கமளிப்பதாக அறிக்கையில் எழுதிவிட்டுப் போனது. அந்த வரியைச் சட்டம் போட்டுத் தலைவர் அறையில் மாட்டினோம்.

முப்பத்தேழுக்கு இது எதுவும் தெரியாது. கல்லூரி, வீடு, அப்பா, கார்டு என்று ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவத்தில் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நோயாளிகளின் ஃபைல் அறைக்கு ஆள் எடுத்தார்கள், தேர்வானாள். ஒன்றாம் தேதி பட்டச் சான்றிதழோடு வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அப்பாவைப் பகலில் யார் பார்ப்பது? அவருடைய தங்கை, இவளுக்கு அத்தை, வந்து தங்க ஒப்புக்கொண்டிருந்தாராம்.

"அத்தைக்குத்தான் பயம் அண்ணா. அண்ணன் ஏதாவது கேட்டு எனக்குப் புரியலைன்னா என்ன பண்றதுன்னு. கார்டுப் பெட்டி இருக்கு, எடுத்துப் பாத்துக்கலாம்னு சொன்னப்புறம்தான் சரின்னாங்க" என்றாள். அன்று அவள் முகம் தெளிவாக இருந்தது. முப்பத்தாறு மீள்நோக்கையும் கட்டி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

கட்டுகளையெல்லாம் ஒப்புமை பார்க்கும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வழக்கம். மற்ற நாற்பத்தொரு பேரும் தப்பித்தார்கள். குடையைச் செருப்பாக்கி, கார்டைச் செல்போனாக்கி மாற்றியிருந்தார்கள். தான் எழுதியதை மாற்ற வேண்டும் என்று இவளுக்கு எப்படித் தோன்றும்? அவளுடைய பதினான்காம் தாளுக்கு நேரே சிவப்பாக விழுந்தது: மாதிரிக் கட்டுரையோடு ஒப்புமை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மீதி நான்கு நான் செய்த தட்டச்சுப் பிழை.

ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நேர்மைக் குழு கூடியது. தலைவர், மேடம், வகைப்பாட்டுப் பேராசிரியர் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம். குறிப்பெடுக்க ஓரத்தில் நான். முப்பத்தேழு டிராயரைத் துணிப்பையில் சுமந்துகொண்டு வந்திருந்தாள்.

"இது நான் எழுதினது மேடம். எங்க அப்பாவைப் பத்தினது."

"அப்படி நாப்பத்தொரு பேர் சொல்றாங்கம்மா" என்றார் மேடம்.

"முதல்ல எழுதினது நான்தான். நீங்களே வாங்கினீங்க. ஃபைல்ல இருக்கும், பாருங்க."

ஃபைலை எடுத்தார்கள். மூலை வெட்டிய தாள் வந்தது. தலைவர் அதை உயர்த்திப் பிடித்து, வெட்டிய மூலை வழியாக அவளைப் பார்த்தார்.

"இதை எழுதினது யாருன்னு எங்களுக்கே தெரியாது. தெரியாம இருக்கணும்ங்கிறதுக்காக நாங்க அவ்வளவு பாடுபட்டிருக்கோம். இன்னைக்கு நீ வந்து நான்தான்னு சொன்னா, அந்தப் பாடெல்லாம் என்ன ஆறது? எழுதினவரோட தனியுரிமையை உன்கிட்ட இருந்து காப்பாத்த வேண்டியது எங்க கடமை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணாவுக்குத் தெரியும் சார். டிராயர் குடுத்ததே அவர்தான். தட்டச்சு பண்ணினதும் அவர்தான்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். மிகவும் மென்மையாகத்தான் கேட்டார். "எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னா, நீங்க ரகசியக் காப்பு விதியை மீறிட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டு வருஷம்தானே இருக்கு உங்களுக்கு? யோசிச்சுச் சொல்லுங்க. தெரியுமா, தெரியாதா?"

நான் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். யோசிக்கவே இல்லை.

"தெரியாது சார்."

அதையும் குறிப்பில் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கை மட்டும் நன்றாக ஓடியது.

அவள் துணிப்பையிலிருந்து டிராயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வகைப்பாட்டுப் பேராசிரியருக்கு அதைக் கண்டதும் கை துறுதுறுத்தது. ஒரு கார்டை உருவினார். முகம் சுருங்கியது.

"குடை, பார்க்க மூக்குக்கண்ணாடி. என்னம்மா இது? குடைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் என்ன உறவு?"

"அப்பா அப்படித்தான் சார் கேப்பார்."

"எந்தப் பட்டியல்ல இருக்கு?"

"எங்க வீட்ல சார்."

இன்னொன்றை உருவினார். "சாவி, பார்க்க நான். நான்னா யாரு?"

"நான்தான் சார். என்னைக் கூப்பிடணும்னா அப்பா சாவின்னுதான் கூப்பிடுவார்."

"நான்னு ஒரு தலைப்பே கிடையாதும்மா! யார் எடுத்துப் படிச்சாலும் நான்னா அவங்கன்னு ஆயிடாதா? மூணு மாசம் தொண்டை கிழியக் கத்தினேனே, இதுக்குத்தானா?" பேராசிரியருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. மற்ற இருவரையும் பார்த்தார். "இந்தப் பொண்ணு அதை எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் கட்டுரையில பட்டியலாக்கத்தை எவ்வளவு அழகாப் புரிஞ்சு எழுதியிருக்கு! புரிஞ்ச ஆளு இப்படிக் கார்டு போடுவாங்களா?"

இது குழுவுக்கு முடிவான வாதமாகப் பட்டது. மேடம் டிராயரைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்தில் துறையின் முத்திரை இருப்பதையும் கண்டுபிடித்தார்.

அரை மணி நேரத்தில் முடிவாயிற்று. பிறருடைய அனுபவத்தைக் களவாடிய குற்றம் நிரூபணமாகிறது. ஆனாலும் துறைக்கு இரக்கம் உண்டு. 'களவிலிருந்து நான் கற்றது' என்ற தலைப்பில் புதிதாக ஒரு மீள்நோக்கு எழுதிக் கொடுத்தால் பட்டம் வழங்கப்படும். டிராயர் துறையின் சொத்து. இருந்தாலும் இரக்கத்தை முன்னிட்டு, பிழை திருத்தப்பட்ட பின் அது இரவலாகத் திருப்பித் தரப்படும்.

"சார், அதைத் திருத்த வேண்டாம் சார்" என்றாள். முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "அப்படியே குடுங்க. நான் களவாடினேன்னே எழுதித் தரேன். அத்தை ஒண்ணாந்தேதி வராங்க. அது இல்லாம அவங்களால முடியாது."

"தப்பான ஒரு பட்டியலைத் தெரிஞ்சே நாங்க வெளிய விட்டோம்னா" என்றார் தலைவர், "அப்புறம் நாங்க ஒரு துறைன்னு சொல்லிக்கிறதுல என்ன இருக்கு?"

இரண்டாம் நாள் அவளுடைய மீள்நோக்கு என் மேஜைக்கு வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் நான் தட்டச்சு செய்ததில் மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.

"என் அப்பாவுக்குப் பக்கவாதம் வரவில்லை. அவர் நன்றாக இருக்கிறார். லாரி ஓட்டுகிறார். குடை வேண்டுமென்றால் குடை என்றுதான் கேட்கிறார், மழை பெய்தால் மட்டும் கேட்கிறார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டில் கார்டு எதற்கும் தேவை ஏற்படவில்லை. யாரோ ஒருவருடைய துன்பத்தை எடுத்து என் அப்பாமேல் வைத்தேன். அந்த நாளில் தடுமாறினேன். பிறகு திருப்பம் ஏற்பட்டது. இப்போது மலர்ந்திருக்கிறேன்."

மேடம் விரலை ஓட்டினார். மூன்றும் இருந்தது. பத்துக்குப் பத்து போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பாத்தீங்களா? மூணு வருஷத்துல இப்பத்தான் இந்தப் பொண்ணு உண்மையா எழுதியிருக்கா."

சான்றிதழ் தயாரானது. மாதக் கடைசி நாள் வந்து வாங்கிக்கொண்டாள். டிராயர் எங்கே என்று கேட்டாள். வேலை நடக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பேராசிரியர் முந்நூற்றுப் பன்னிரண்டு கார்டையும் வரிவரியாகத் திருத்தினார். தன் சர்வீஸில் இவ்வளவு ஈடுபாட்டோடு அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை, மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை. 'குடை: பார்க்க மழைக் காப்புப் பொருட்கள்'. 'மாடி: பார்க்க கட்டட அமைப்பு'. 'திங்கட்கிழமை: பார்க்க வாரநாட்கள்'. திருத்தியதைப் புதுக் கார்டில் தட்டச்சு செய்வது என் வேலை. பழையதை விதிப்படி எந்திரத்தில் விட்டுக் கிழிப்பதும் என் வேலை. தட்டச்சு செய்கிறவன் படிக்கக் கூடாது, படித்தால் வேகம் குறையும். ஒரே ஒரு கார்டை மட்டும் படித்துவிட்டேன். 'நான்' என்பதை அடித்துவிட்டுப் பேராசிரியர் மேலே 'பூட்டு' என்று எழுதியிருந்தார். அதையும் தட்டச்சு செய்தேன். அதையும் கிழித்தேன்.

பத்தாம் தேதி டிராயரை அவள் வீட்டில் சேர்த்து, மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

இரண்டாவது மாடியில் இரண்டு அறை. கதவைத் திறந்த அத்தை டிராயரைக் கண்டதும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"வந்துருச்சா! உக்காருங்க சார். பத்து நாளா நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். அவ ஒரு தாள்ல முப்பது வார்த்தை எழுதிக் குடுத்திருக்கா, ஞாபகத்துல இருந்ததை. தண்ணி, பாத்ரூம், வலி, இந்த மாதிரி. மத்ததுக்கெல்லாம் நான் எங்க போவேன்?"

ஜன்னலோரம் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிட வயது குறைந்தவர். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"சாவி" என்றார்.

"இதான் சார், இதேதான்" என்றார் அத்தை. "காலையில அவ செருப்பு மாட்டுனா போதும், சாயங்காலம் அவ வர்ற வரைக்கும் இதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. அவ குடுத்த தாள்ல அது இல்லை. அவகிட்ட கேட்டிருப்பேன், வர்றப்பவே பிணம் மாதிரி வர்றா, அவ வந்ததும் இவரும் சொல்றதை நிறுத்திடுறாரா, எனக்கு மறந்துபோயிடுது."

தாளில் அது ஏன் இல்லை என்று எனக்குப் புரிந்தது. தான் இல்லாத நேரத்தில் தன்னைக் கூப்பிடும் சொல் அத்தைக்கு எதற்கு என்று விட்டிருப்பாள்.

அத்தை அதற்குள் டிராயரில் விரலை ஓட்டிச் 'சா' வரிசைக்கு வந்துவிட்டார். கார்டு சுத்தமாக, எழுத்து வரிசை பிசகாமல் இருந்தது. உடனே கிடைத்தது. எட்டப் பிடித்து வாசித்தார்.

"சாவி, பார்க்க பூட்டு. அட, பூட்டையா கேட்டீங்க இத்தனை நாளா! சொல்லியிருந்தா தந்திருப்பேனே."

சமையலறைப் பக்கம் போனார். நான் எழுந்துவிட்டேன். என்றோ சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"அம்மா, அது பூட்டு இல்லைங்க. சாவின்னா அவர் பொண்ணு. உங்க மருமக. அவளைத்தான் கூப்பிடுறாரு."

பின்கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றிக்கொண்டே அத்தை சிரித்தார்.

"நீங்க வேற சார். அவளுக்குத்தான் நல்ல பேரு இருக்கே, அவளை எதுக்குச் சாவிங்கப் போறாரு?"

"எனக்குத் தெரியுமுங்க. பழைய கார்டை நான் படிச்சிருக்கேன்."

அத்தை கையிலிருந்த கார்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "காலேஜ்ல படிச்சவங்க பாத்துத் திருத்தி அனுப்பியிருக்காங்க. அச்சு மாதிரி போட்டிருக்கு பாருங்க. இதைவிட உங்களுக்குத் தெரியுமா?"

பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் நேராக நின்றது. பிழை எதுவும் இல்லை.

அத்தை குனிந்து பூட்டை அவருடைய இடது கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குடையைத் தரையில் அடித்தவர், இதை அடிக்கவில்லை. வாசலைப் பார்க்கவும் இல்லை. சாவி என்று திரும்பச் சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை.

"பாத்தீங்களா, அமைதியாயிட்டாரு" என்றார் அத்தை. "எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

மூன்று இடத்தையும் காட்டினேன்.